டிகோடரைக் குறை சொல்வதற்கு முன்

மாணவர்களே, தொலைக்காட்சியில் படம் வரவில்லை என்றால் உங்கள் வீட்டில் முதலில் என்ன நடக்கிறது? நான் பார்த்தவரை ஒருவர் டிகோடரை அணைத்து மறுபடி போடுவார். இன்னொருவர் அதன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டுவார். மூன்றாமவர் “பெட்டி போச்சு, புதுசு வாங்க வேண்டியதுதான்” என்று தீர்ப்பே சொல்லிவிடுவார். படம் எந்த வழியாக வீட்டுக்குள் வருகிறது, அந்த வழியில் எந்த இடத்தில் நின்றுபோனது என்று அதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அப்படிக் கேட்கும் பழக்கம் ஓர் அறிவியல் திறன். அதை நம் பள்ளி ஆய்வுக்கூடங்கள் போதிய அளவு கற்றுத் தருவதில்லை என்பது என் கருத்து.

இதைச் சொல்ல வீட்டுக் கூரையிலுள்ள ஆஸ்ட்ரோ தட்டைவிடப் பொருத்தமான ஒன்று இருக்கிறது. அது மோட்டார்ஹோமின் கூரையிலுள்ள தட்டு. படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி எல்லாம் வைத்த அந்த வீட்டு வண்டிகளைக் கேமரன் மலைப் பாதையிலோ கிழக்குக் கரையோர முகாம்களிலோ பார்த்திருப்பீர்கள். வீட்டுத் தட்டைப் பொருத்துபவர் ஒருமுறை வந்து திருகிவிட்டுப் போனால் அது பல ஆண்டுகள் அசையாது. வண்டி அப்படியல்ல. இன்று ஓர் ஊரில் கிழக்கு பார்த்து நிற்கும். நாளை வேறோர் ஊரில் தெற்கு பார்த்து, ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். இடையில் நூறு குழிகளில் ஏறி இறங்கியிருக்கும். வண்டிக்காரருக்கு ஒவ்வொரு மாலையும் ஒரு செய்முறைத் தேர்வுதான்.

முதலில் படம் வரும் வழியைப் பார்ப்போம். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகையில் மீசாட் துணைக்கோளங்கள் இருக்கின்றன. பூமி சுழலும் அதே வேகத்தில் அவையும் சுற்றுவதால், நம் கண்ணுக்கு ஒரே இடத்தில் நிற்பதுபோல இருக்கும். படிவம் 4 இயற்பியலில் ஈர்ப்புப் பாடத்தில் இதைப் படித்திருப்பீர்கள். அங்கிருந்து சுமார் 12 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அலை வருகிறது. அதன் அலைநீளம் 2.5 சென்டிமீட்டர்தான், நீங்களே வகுத்துப் பாருங்கள். தட்டு அந்த அலையை ஒரு புள்ளியில் குவிக்கிறது. அந்தப் புள்ளியில் நீட்டிக்கொண்டிருக்கும் கருவியின் பெயர் எல்.என்.பி. வந்து சேரும் மிக நலிந்த அலையை அது பெருக்குகிறது. கம்பியில் தாக்குப்பிடிக்கும்படி 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்ணுக்கு இறக்குகிறது. பிறகு கறுப்புக் கேபிள், அதன் முனையில் திருகும் இணைப்பு, டிகோடர், கடைசியில் தொலைக்காட்சி.

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று இதில் உண்டு. எல்.என்.பி.க்கு வேண்டிய மின்சாரமும் அதே கேபிள் வழியாகத்தான் மேலே போகிறது. டிகோடர் 13 வோல்ட் அனுப்பினால் செங்குத்தாக அதிரும் அலைகளை எல்.என்.பி. பிடிக்கும், 18 வோல்ட் அனுப்பினால் கிடையாக அதிரும் அலைகளைப் பிடிக்கும். ஆகவே சில அலைவரிசைகள் நன்றாக வந்து சில அலைவரிசைகள் மட்டும் வராவிட்டால், அது வெறும் எரிச்சல் இல்லை, ஒரு தடயம். தட்டு துணைக்கோளத்தைப் பார்த்துவிட்டது என்று தெரிகிறது. மின்னழுத்தத்தையோ, எல்.என்.பி. தன் பிடிக்குள் சற்றே திரும்பிப்போயிருக்கிறதா என்பதையோ பார்க்க வேண்டும்.

இனி நான் சொல்ல வந்த கதை. என்னிடம் படிவம் 4 படிக்கும் மாணவி ஒருத்தியின் தாத்தா, ஓய்வுபெற்றபின் பழைய வேன் ஒன்றை வாங்கி வீட்டு வண்டியாக மாற்றிக்கொண்டார். கூரையில் தட்டு, உள்ளே சிறிய தொலைக்காட்சி. சில மாதங்களில் படம் அடிக்கடி கட்டம் கட்டமாக உடைந்து நின்றுபோகத் தொடங்கியது. பெரியவர் பொறுமை இழந்து ஒரே நாளில் எல்.என்.பி.யை மாற்றினார், தட்டிலிருந்து கூரை வரை வரும் கேபிளை மாற்றினார், டிகோடரையும் மாற்றினார். சில நூறு ரிங்கிட் போனது. படம் வந்தது. இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை. மூன்றாவது வாரம் பழைய தொல்லை அப்படியே திரும்பி வந்தது.

பேத்தி ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். படம் போகும் நேரம், வானிலை, வண்டி நிற்கும் இடம், மின்கலத்தின் வோல்ட் ஆகியவற்றைப் பள்ளி விடுமுறையில் பத்து நாள் எழுதினாள். பிறகு தாத்தாவிடம் கேட்டாள்: “தாத்தா, மழை பெய்யும்போது படம் போனா அது வானத்துல உள்ள பிரச்சினை. இங்க மழை விட்டு ரெண்டு மூணு மணி நேரம் ஆன பிறகும் வரலையே. மறுநாள் வெயில் ஏறின பிறகுதானே சரியாகுது?”

அந்தக் கேள்வியில் பாதி வேலை முடிந்துவிட்டது. கனமழைத் துளிகள் 12 கிகாஹெர்ட்ஸ் அலையை உறிஞ்சும், சிதறடிக்கும். நம் நாட்டு மாலை மழையில் படம் போவதற்கு அதுவே காரணம். ஆனால் மழை நின்றால் அந்தத் தடையும் நின்றுவிடும். மழை நின்ற பிறகும் பல மணி நேரம் நீடித்து, வெயிலில் சரியாகும் பழுது என்றால் எங்கோ தண்ணீர் புகுந்து, தங்கி, பிறகு காய்கிறது என்று பொருள். தாத்தா மாற்றாமல் விட்ட ஒரே இடம், கேபிள் கூரைக்குள் நுழையும் சிறு பெட்டி. திறந்து பார்த்தால் இணைப்பின் நடுவிலுள்ள செம்புக் கம்பி பச்சை பூத்துக் கிடந்தது. புது இணைப்பு சில ரிங்கிட், அதைச் சுற்றத் தண்ணீர் புகாத நாடா ஒரு சுருள். அவ்வளவுதான் செலவு.

அந்த நடுவிலுள்ள இரண்டு வாரம் ஏன் நன்றாக இருந்தது? அப்போது அவர்கள் இருந்த பக்கம் மழையே இல்லை. பொருள்களை மாற்றியதால்தான் சரியானது என்று பெரியவர் நம்பினார். உண்மையில் மாறியது வானிலை. தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று தமிழ்ப்பள்ளியில் மனப்பாடம் செய்தீர்களே, இடைநிலைப்பள்ளிக்கு வந்ததும் ‘பெம்போலே உபா’ என்று மறுபடி மனப்பாடம் செய்தீர்களே, அது இங்கே நிற்கிறது. மூன்று பொருள்களை ஒரே நாளில் மாற்றினால் எது பழுது என்று கடவுளுக்குத்தான் தெரியும். பழைய எல்.என்.பி.யும் பழைய டிகோடரும் நல்ல நிலையிலேயே அவர் வீட்டுப் பரணில் இப்போது கிடக்கின்றன.

அவர் முதல் நாளே என்ன செய்திருக்கலாம்? வழியை நடுவில் பிளந்து பார்த்திருக்கலாம். நல்லது என்று உறுதியாகத் தெரிந்த இரண்டு மூன்று மீட்டர் கேபிள் ஒன்றை எடுத்து, வண்டிக்கு வெளியே எல்.என்.பி.யையும் டிகோடரையும் நேராக இணைத்துப் பார்ப்பதுதான் அது. படம் வந்தால் தட்டு, எல்.என்.பி., டிகோடர் மூன்றும் குற்றமற்றவை. பழுது நடுவிலுள்ள கம்பியில். வராவிட்டால் கம்பியை மறந்துவிடலாம். ஒரே சோதனையில் சந்தேகப் பட்டியல் பாதியாகிறது. (இணைப்பைக் கழற்றும் முன் டிகோடரை அணைத்துவிடுங்கள். வலைக் கம்பியின் ஓர் இழை நடுக் கம்பியைத் தொட்டாலும் குறுக்குச் சுற்று ஏற்படும். இடி மின்னல் நேரத்தில் கூரைப் பக்கமே போகக் கூடாது.)

அதற்கும் முன்னால் காசில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் வண்டிக்காரரிடம் போய் “அண்ணே, உங்களுக்குப் படம் வருதா?” என்று கேட்பது. இதற்கு அறிவியலில் கட்டுப்பாட்டுச் சோதனை என்று பெயர். அவருக்கும் வராவிட்டால் குற்றம் வானத்திலோ ஒளிபரப்பிலோ இருக்கலாம். அபூர்வமாகத் துணைக்கோளமே பழுதாவதும் உண்டு. 2021 ஜூன் மாதம் மீசாட்-3 பழுதடைந்தது நடந்த செய்தி. அன்று கூரையில் ஏறித் தட்டைத் திருகியவர்கள், சரியாக இருந்த தட்டைக் கெடுத்துக்கொண்டதுதான் மிச்சம்.

மோட்டார்ஹோமில் மிக அதிகம் நடக்கும் தவறு, பழுதே இல்லாத ஒன்று. நிழல். வெயில் தாங்காமல் பெரிய மரமாகப் பார்த்து அதன் அடியில் வண்டியை நிறுத்துகிறோம். கோலாலம்பூரிலிருந்து பார்த்தால் 91.5 பாகைத் துணைக்கோளம் மேற்கு-தென்மேற்குத் திசையில், தொடுவானத்திலிருந்து சுமார் 77 பாகை உயரத்தில் இருக்கிறது. அதாவது கிட்டத்தட்ட தலைக்கு மேலே. லண்டனில் மோட்டார்ஹோம் வைத்திருப்பவருக்கு அங்குள்ள துணைக்கோளம் சுமார் 25 பாகையில், தாழ்வாகத் தெரியும். தூரத்து வீடுகூட அவருக்குத் தடை. நமக்கு எதிரில் உள்ள வீடு தடையே இல்லை. நமக்கு நிழல் தரும் மரமேதான் தடை. இலைகளில் உள்ள தண்ணீர் இந்த அலையை நன்றாக உறிஞ்சும்.

இங்கே கண் நம்மை ஏமாற்றும். நாம் பயன்படுத்தும் தட்டுகளில் எல்.என்.பி. நட்ட நடுவில் இல்லாமல் கீழ்ப்பக்கம் தள்ளி இருக்கிறது. அதனால் தட்டின் முகம் பார்ப்பதாகத் தோன்றும் இடத்தைவிட இருபது பாகைக்கும் மேல் உயரத்தை அது உண்மையில் பார்க்கிறது. “தட்டுக்கு நேரே வானம் திறந்துதானே இருக்கிறது” என்று சொல்பவர்கள், அதைவிட மேலே தொங்கும் கிளையைப் பார்ப்பதில்லை.

சாய்வும் அப்படித்தான். 60 சென்டிமீட்டர் தட்டின் பார்வை ஏறத்தாழ 3 பாகை அகலம். கையை முழுக்க நீட்டி இரண்டு விரல்களைச் சேர்த்துப் பிடித்தால் மறையும் வானம் அவ்வளவுதான். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் 4 மீட்டர் இடைவெளி இருக்கும் வண்டி, ஒரு பக்கம் 20 சென்டிமீட்டர் தாழ்ந்து நின்றால் சாய்வு 3 பாகை ஆகிவிடும். நேற்று படம் வந்த அதே அமைப்பில் இன்று வராததற்கு அந்த மணல்மேடு போதும். திசையில் செய்யும் பிழையோ இங்கே அவ்வளவு கொடியதல்ல. துணைக்கோளம் தலைக்கு அருகில் இருப்பதால் திசையில் 5 பாகை தவறினாலும் வானத்தில் ஏறத்தாழ 1 பாகைதான் விலகும். முக்கோணவியல் படித்தவர்கள் கோசைன் 77 பாகையைப் பெருக்கிப் பாருங்கள். ஆனால் கோத்தா பாருவிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ஓட்டிப் போனால் கதை வேறு. உயரக் கோணம் இரண்டு ஊரிலும் 75 பாகையை ஒட்டியே இருக்க, திசை மட்டும் 241-லிருந்து 263 பாகைக்குப் போய்விடும். திருப்பித்தான் ஆக வேண்டும். திசைகாட்டியை வண்டியின் இரும்பு உடலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் சில மீட்டர் தள்ளி நின்று பாருங்கள்.

கடையில் விற்கும் ‘பீப்’ சத்தக் கருவிகளை நான் பெரிதாக நம்புவதில்லை. ஏதாவது ஒரு துணைக்கோளம் கிடைத்தாலே அது மகிழ்ச்சியாகக் கத்தும். நம்முடையதற்குப் பக்கத்தில், 88 பாகையில், சிங்கப்பூரும் தைவானும் பங்காளிகளாக இருக்கும் எஸ்.டி.-2 நிற்கிறது. டிகோடரின் திரையில் வலிமை, தரம் என்று இரண்டு கோடுகள் வரும். வலிமைக் கோடு நிறைந்திருந்து தரக் கோடு பூஜ்ஜியத்தில் கிடந்தால், கருவி இரைச்சலைத்தான் அளக்கிறது, அல்லது பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்கிறது. தரக் கோட்டைப் பாருங்கள்.

“இதெல்லாம் மெக்கானிக் வேலை, என் மகன் அறிவியல் பிரிவில் படிக்கிறான்” என்று ஒரு தந்தை என்னிடம் சொன்னதுண்டு. இந்தப் பாகுபாட்டை நான் ஏற்கவில்லை. 1964-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், ஹோம்டெல் என்ற இடத்தில், ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் என்ற இருவர் செய்ததும் இதே வேலைதான். எக்கோ துணைக்கோளத் திட்டத்துக்காகக் கட்டிய பெரிய கொம்பு வடிவ ஆன்டெனா ஒன்றில் எப்போதும் ஓர் இரைச்சல் கேட்டது. நியூ யோர்க் நகரத்தின் பக்கம் திருப்பிப் பார்த்தார்கள், நகரம் காரணமில்லை. உலோகப் பொருத்துகளின் மேல் அலுமினிய நாடா ஒட்டினார்கள். உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களை விரட்டி, எச்சத்தைத் துடைத்தார்கள். இரைச்சல் போகவில்லை. பகலிலும் இரவிலும், எந்தத் திசையிலும் ஒரே அளவாக இருந்தது. ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனியாகக் கழித்திருந்ததால்தான், மீதி நின்ற இரைச்சல் பிரபஞ்சத்தின் தொடக்க காலத்திலிருந்து வரும் கதிர்வீச்சு என்று ஏற்க முடிந்தது. 1978-இல் இருவருக்கும் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பழைய ஆன்டெனா சரியில்லை என்று புதிதாக ஒன்று கேட்டு வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் வகுப்பில் கேட்பதுண்டு.

நம் ஆய்வுக்கூடத்தில் என்ன நடக்கிறது? மின்சுற்றுப் பரிசோதனையில் விளக்கு எரியவில்லை என்றால் “டீச்சர், எரியல” என்று கை உயர்கிறது. உடனே வேறொரு தொகுப்பு வருகிறது. பாட வேளை முடிவதற்குள் அளவை எடுக்க வேண்டுமே. எஸ்.பி.எம். செய்முறைத் தேர்வுக்குத் தயாராகும்போதும் எல்லாக் கருவியும் வேலை செய்யும் என்ற நம்பிக்கையில்தான் பயிற்சி நடக்கிறது. நேரமில்லை என்று சக ஆசிரியர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. பாடத்திட்டத்தை முடிக்கவே திணறுகிறோம். ஆனாலும் தவணைக்கு ஒருமுறை இரண்டு பாட வேளை ஒதுக்க முடியும். நான் ஒதுக்குகிறேன். சில தொகுப்புகளில் வேண்டுமென்றே பழுது வைப்பேன். உறைக்குள்ளேயே அறுந்த கம்பி, இழை போன விளக்கு, திருப்பிப் போட்ட மின்கலம் என்று ஏதாவது ஒன்று. விளக்கை எரியவைத்தால் மதிப்பெண் இல்லை. எதைச் சந்தேகித்தாய், எதை மட்டும் மாற்றினாய், என்ன ஆனது, அதிலிருந்து எதை விலக்கினாய் என்று எழுதிய தாளுக்குத்தான் மதிப்பெண். முதல் தடவை வகுப்பே குழம்பும். தேர்வில் முதலில் வரும் மாணவர்கள் அதிகம் எரிச்சல்படுவார்கள்; வீட்டில் மோட்டார் சைக்கிள் கழற்றிப் பழகிய பையன் ஒருவன் அமைதியாகக் கம்பியை ஒவ்வோர் அங்குலமாக வளைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான். அவனை வகுப்பு புதிதாகப் பார்க்கும் அந்த நாள் எனக்குப் பிடிக்கும்.

உங்கள் பள்ளியில் இது இல்லையென்றால் வீட்டிலேயே தொடங்கலாம். கூரையில் ஏற வேண்டியதில்லை. மார்ச் 20, செப்டம்பர் 23 ஆகிய தேதிகளை ஒட்டிய சில நாட்களில், தீபகற்பத்தில் பிற்பகல் 2 மணி வாக்கில், சூரியன் வானத்தில் ஏறத்தாழ அந்தத் துணைக்கோளம் இருக்கும் இடத்துக்கே வந்து நிற்கும். அப்போது சூரியனின் சொந்த இரைச்சல் தட்டுக்குள் புகுந்து படம் சில நிமிடங்கள் உடையலாம். அதே நேரத்தில் தரையில் நின்று உங்கள் வீட்டுத் தட்டைப் பாருங்கள். சூரியனை நேராகப் பார்க்காதீர்கள். தட்டின் மீது முழு வெயில் விழுந்தால் வழியில் தடை இல்லை. எல்.என்.பி.யின் நிழல் தவிர வேறு நிழல் விழுந்தால், அது எந்தக் கிளையின் நிழல் என்று தேடிப் பிடித்துத் தேதியோடு எழுதி வையுங்கள்.